மூலைக்கு ஒரு மூடி

முயலுக்குத் தும்மல் வரும் என்பதே ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் அக்காவுக்குத் தெரியாது. தெரிந்த பிறகு அவளுக்குப் பசி போயிற்று, தூக்கம் போயிற்று, ஓரிடத்தில் உட்காருகிற வழக்கமும் போயிற்று. கடைசியாகச் சொன்னதை முயலின் தலையில் கட்டுவது நியாயமில்லை. அது அவளிடம் என்றைக்குமே இருந்ததில்லை.

ஊரே அவளை நாலாம் மாடி அக்கா என்று கூப்பிடும். ஊர் என்றால் ஆஸ்பத்திரி. ஏழு மாடிக் கட்டடத்தில் நாலாவது மாடியின் துப்புரவு முழுக்க அவள் பொறுப்பு. பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், கணவன் தவறிய கையோடு, ஏழு வயது மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, ஒரு வாளியும் ஒரு மாப்புமாக உள்ளே நுழைந்தவள். இன்று அவளுக்குக் கீழே ஒன்பது பேர். அவர்களை வேலை வாங்குகிறாள் என்று சொன்னால் போதாது, மேய்க்கிறாள். வராந்தாவில் அவள் செருப்புச் சத்தம் கேட்டால் சும்மா நிற்கிறவன் கையில் தானாக ஒரு துணி முளைக்கும்.

அந்த மாடியில் ஒரு வழக்கம் உண்டு. துடைத்து முடித்து, தரை காய்ந்து, பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வருவதற்குக் கால் மணி நேரம் இருக்கும்போது, பினாயில் பாட்டிலைத் திறந்து தண்ணீர் கலக்காமல் மூலைக்கு ஒரு மூடி ஊற்றிவிட வேண்டும். அறைக்கு நாலு மூலை, நாலு மூடி. சுத்தத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. சுத்தம் ஏற்கெனவே முடிந்துவிட்டது. இது மூக்குக்கு. தரை கண்ணாடி மாதிரி இருந்தாலும் வாசனை இல்லையென்றால் பெரிய டாக்டர் நெற்றியைச் சுருக்கி, "இன்னைக்கு யாரும் துடைக்கலையா?" என்பார். கட்டிலுக்கு அடியில் பஞ்சு கிடந்தாலும் வாசனை தூக்கலாக இருந்தால் தலையை ஆட்டிவிட்டுப் போவார். இந்த வித்தையை முதலில் யார் கண்டுபிடித்தார்களோ தெரியாது. அதை வேதமாக்கியவள் அக்கா. "கண்ணை ஏமாத்தலாம், மூக்கை ஏமாத்த முடியாது" என்று புதிதாகச் சேருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பாள். அவர்கள் தினமும் ஏமாற்றிக்கொண்டிருந்ததே அந்த மூக்கைத்தான் என்பது அவளுக்கு உறைத்ததில்லை.

வீட்டிலும் அதே வேதம்தான். இரண்டு அறை, ஒரு சமையலறை, முன்னால் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு ஒரு பால்கனி. காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு தடவை, வந்து செருப்பைக் கழற்றியதும் ஒரு தடவை துடைத்து, மூலைக்கு ஒரு மூடி. ஜன்னலைத் திறந்தால் ரோட்டுத் தூசி வரும் என்று அவற்றைச் சாத்தியே வைத்திருப்பாள். எதிர்வீட்டுக்காரி கதவைத் தட்டும்போதே மூக்கைப் பொத்திக்கொள்வாள். அவளுக்கு எப்போதும் ஜலதோஷம் போலிருக்கிறது, பாவம் என்று அக்கா நினைத்துக்கொள்வாள்.

அந்த வீட்டுக்குச் சுண்டு வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. சுண்டு மகளுடைய முயல். வெள்ளை உடம்பு, சாம்பல் நிறக் காது, யாரையும் மதிக்காத முகம். மகள் வெளியூரில் கட்டட வரைபடம் போடுகிற ஆபீசில் வேலை பார்க்கிறாள். அவளுடைய வாடகை அறையில் இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லாமல் வளர்ந்த பிராணி அது. வேறு வீடு மாறியபோது, வீட்டுக்காரர் வளர்ப்புப் பிராணி கூடவே கூடாது என்று ஒரே பிடியாக நின்றுவிட்டார். மகள் அதை அட்டைப்பெட்டியில் வைத்து ரயிலில் கொண்டுவந்து அம்மாவிடம் விட்டாள். அப்போதும் இரண்டே நாள்தான் இருந்தாள். எப்போதுமே இரண்டு நாள்தான். ஹாஸ்டலுக்குப் படிக்கப் போன காலத்திலிருந்து, வந்த மறுநாளே பையை அடுக்க ஆரம்பித்துவிடுவாள். "லீவு இல்லம்மா." அந்த இரண்டு சொல்லைக் கேட்கும்போதெல்லாம் அக்காவுக்கு, பெற்ற வீட்டில் மூன்றாவது நாள் தங்கினால் என்ன குறைந்துவிடும் என்று வாய் வரைக்கும் வரும். கேட்டால் அந்த இரண்டு நாளும் போய்விடுமோ என்று விழுங்கிவிடுவாள்.

ஆகவே முயல் வந்தபோது அவளுக்கு உள்ளுக்குள் கொள்ளை ஆசை. பெண்ணுக்கு இதன் மேல் உயிர். இது இங்கே இருந்தால் அடிக்கடி வருவாள், வந்தால் நாலு நாள் கூட இருப்பாள். சுண்டு நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். மகளுடைய பழைய அறையையே சுண்டுவுக்குக் கொடுத்தாள். கூண்டு, அடியில் தட்டு, தட்டில் காகிதம், மேலே காய்ந்த புல். தினம் இரண்டு தடவை தட்டைக் கழுவி, அதன் மூலைக்கும் ஒரு மூடி.

மூன்றாவது வாரம் சுண்டு தும்மியது. முதலில் அது வேடிக்கையாக இருந்தது. அத்தனை சின்ன மூக்கிலிருந்து யாரோ காகிதத்தைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம். மறுநாள் அடுத்தடுத்து ஏழெட்டு. அதற்கடுத்த நாள் அது முன்னங்கால்களால் மூக்கைத் துடைத்துத் துடைத்து, கால் உட்பக்கத்து ரோமம் ஒட்டிக்கொண்டு சிக்குப் பிடித்திருந்தது. வாரக் கடைசியில் இடது கண்ணில் நீர். கண் ஓரத்தில் பால் மாதிரி வெள்ளை.

பிராணிகளுக்கான டாக்டர் பொறுமைசாலி. அவருடைய இரண்டு அறைக் கிளினிக்கில் கால் வைத்ததுமே அக்காவுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. உள்ளே நல்ல பினாயில் வாசனை. இந்த மனிதர் தொழில் தெரிந்தவர் என்று முடிவு செய்துகொண்டாள்.

டாக்டர் சுண்டுவைத் துண்டில் சுற்றி, வாயைத் திறந்து பல் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், தலையை எக்ஸ்ரே எடுத்தார்.

"பல்லு நல்லாயிருக்கு. சில முயலுக்குப் பல்லோட வேர் உள்ள வளர்ந்து கண்ணீர்க் குழாயை அழுத்தும். இவனுக்கு அது இல்ல. கண்ணுலேருந்து மூக்குக்கு ஒரு மெல்லிசான குழாய் போகுது. மூக்கு கெட்டா அதுவும் அடைச்சுக்கும், கண்ணும் கெடும். கூண்டைச் சுத்தமா வெச்சிருக்கீங்களா? மூத்திரம் தேங்கினா அந்த நெடியே இதுங்களுக்கு ஆகாது."

சுத்தமா! அக்காவைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது?

"டாக்டர், எங்க வீட்டுத் தரையில தட்டு இல்லாமலே சாப்பிடலாம்."

டாக்டர் சிரித்துவிட்டு, சீட்டில் 'இடம் சுத்தம்' என்று எழுதிக்கொண்டார். மெல்லிய குழாய் விட்டுக் கண்ணீர்ப் பாதையைக் கழுவினார். கண்ணில் விட்ட நீர் மூக்கு வழியாகக் கலங்கலாக வெளியே வந்தது. சொட்டு மருந்து கொடுத்தார், ஊசியில்லாத சிரிஞ்சில் வாய் ஓரமாகக் கொடுக்க ஒரு மருந்தும் கொடுத்தார். பத்து நாள்.

பத்து நாளில் சரியாகிவிட்டது. அடுத்த பத்து நாளில் திரும்ப வந்துவிட்டது.

அந்தக் கதை நாலு தடவை நடந்தது. ஒவ்வொரு தடவையும் அக்கா கிருமியைக் குற்றம் சாட்டினாள். ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருடம் கிருமியோடு சண்டை போட்டவள், ஒரு கூண்டுக்குள் அதனிடம் தோற்பதா? இரண்டு வேளைத் துடைப்பு மூன்று வேளையாயிற்று. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பஸ் பிடித்து வீட்டுக்கு ஓடிவந்து, கூண்டைக் கழுவி, மூலைக்கு ஒரு மூடி ஊற்றிவிட்டு, சாப்பிடாமல் திரும்பி ஓடுவாள். புல்லில் தூசி இருக்கலாம் என்று டாக்டர் சொல்லப்போக, பால்கனியில் நின்று ஒவ்வொரு கைப்பிடியாக உதறினாள். வார்டில் நிற்கும்போதும் மனசு வீட்டிலேயே கிடந்தது. யாராவது நோயாளி தும்மினால் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

மகளிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் முயலை வேறு யாரிடமாவது கொண்டுபோய் விட்டுவிடுவாள். அப்புறம் இந்த வீட்டுக்கு வர அவளுக்கு என்ன இருக்கிறது? போனில் முகம் பார்த்துப் பேசும்போது, அக்கா சுண்டுவை மடியில் வைத்து வலது பக்கத்தை மட்டும் காட்டுவாள். பெண் பார்க்க அனுப்புகிற போட்டோ கெட்டது போங்கள்.

"அவனைத் திருப்பும்மா, முழு முகத்தையும் பார்க்கணும்."

"கூச்சப்படறான்டி."

"முயலுக்கு என்னம்மா கூச்சம்?"

"உன்னைப் பார்த்து நாளாச்சில்ல?"

"அடுத்த மாசக் கடைசியில வரேன்னு சொல்லு அவன்கிட்ட."

போனை வைத்ததும் அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடுத்த மாதக் கடைசி. அதற்குள் அந்தக் கண் சரியாக வேண்டும். மகள் வந்து, சீழ் வடிகிற கண்ணோடு சுண்டுவைப் பார்த்தால், அந்த இரண்டு நாள்கூட ஒரு நாளாகிவிடும்.

இந்தச் சமயம் பார்த்து ஆஸ்பத்திரி அவளை நாலு நாள் வெளியூருக்கு அனுப்பியது. அங்கே புதுக் கிளை திறக்கிறார்கள், ஆட்களைப் பழக்க வேண்டும். வேறு சமயமாக இருந்தால் அக்கா தரையில் நடந்திருக்க மாட்டாள். இப்போது யாரிடம் முயலை விடுவது என்று தவித்தாள். எதிர்வீட்டுக்காரி, "ஐயோ, எனக்கு ஒத்துக்காது" என்று கழன்றுகொண்டாள். மிச்சம் இருந்தது தம்பி.

தம்பி டாக்சி ஓட்டுகிறவன். ஒரு மெத்தைக் கடைக்கு மேலே மொட்டை மாடி அறையில் தனிக்கட்டை. குளிப்பதையே நாலு தடவை யோசித்துச் செய்கிற ஆள். அவன் அறைக்குள் அக்கா ஒரே ஒரு தடவைதான் போயிருக்கிறாள்; பாதியில் இறங்கி வந்து துடைப்பம் எடுத்துக்கொண்டு திரும்பப் போனாள். அப்படிப்பட்டவன் கையில் கூண்டையும், பதினாலு கட்டளைகள் எழுதிய ஒரு தாளையும், சீல் பிரிக்காத இரண்டு பினாயில் பாட்டிலையும் கொடுத்தாள்.

"மூணு வேளை துடைக்கணும். மூலைக்கு ஒரு மூடி. தண்ணி கலக்காம. புரியுதா?"

"புரியுதுக்கா."

"என்ன புரிஞ்சுது, சொல்லு."

"மூலைக்கு ஒரு மூடி."

நாலு நாளும் அவளுக்கு அங்கே இருப்புக்கொள்ளவில்லை. மணிக்கொரு தடவை போன் போட்டாள். அவன் பாதி நேரம் எடுக்கவில்லை. ஐந்தாவது நாள் ரயிலை விட்டு இறங்கி நேராக மொட்டை மாடிக்கு ஏறினாள். படியில் ஏறும்போதே மனசில் நாலு வசவைத் தயார் செய்துகொண்டாள்.

சுண்டு மொட்டை மாடியில் வெயிலில் காலை நீட்டிப் படுத்திருந்தது. மூக்கு காய்ந்திருந்தது. முன்னங்கால் ரோமம் பஞ்சு மாதிரி பிரிந்திருந்தது. இடது கண், வலது கண் மாதிரியே, கறுத்த மணியாக அவளைப் பார்த்து முறைத்தது.

அக்கா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். முப்பது வருடத்தில் முதல் தடவையாகத் தம்பியை அவள் திட்டவில்லை.

"என்னடா பண்ணினே?"

தம்பி அடிவாங்கத் தயாராக நின்றுகொண்டிருந்தவன். பாராட்டு வருகிறது என்று தெரிந்ததும் தைரியம் வந்தது. "நீ எழுதிக் கொடுத்தபடிதான்க்கா. ஒண்ணு விடலை."

"மூணு வேளையுமா?"

"மூணு... நாலு வேளைன்னே வெச்சுக்கோயேன்."

"பாட்டில் எங்க?"

"தீர்ந்துபோச்சுக்கா."

நாலு நாளில் இரண்டு பாட்டில்! அக்கா ஒரு பாட்டிலை முழுசாக ஒரு வாரம் ஓட்டுகிறவள். அவளுக்கு வெட்கமாகிவிட்டது. இந்தச் சோம்பேறி ஒரு நாளைக்கு அரை பாட்டில் ஊற்றியிருக்கிறான், அவளோ மூடி மூடியாக அளந்துகொண்டிருந்திருக்கிறாள். பெற்ற பெண்ணின் உயிரான பிராணிக்கு இவ்வளவு கஞ்சத்தனமா? "நீதான்டா மனுஷன்" என்று சொல்லி அவன் தோளைத் தட்டினாள். உண்மையைச் சொல்ல அது ஒரு நல்ல நேரம். அவன் சொல்லவில்லை.

அன்றைக்கே அவள் ஆறு பாட்டில் வாங்கினாள். நாளைக்கு அரை பாட்டில். அறையில் கால் வைத்தால் அவளுக்கே கண் கரித்தது. சுத்தம் கண்ணைக் கரிக்கத்தான் செய்யும் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தாள்.

ஐந்தாவது நாள் காலை சுண்டு சாப்பிடவில்லை. கேரட் இலையை மூக்குக்கு நேராக நீட்டினாள், திரும்பிக்கொண்டது. கூண்டு மூலையில் குன்றிப்போய் உட்கார்ந்து, தலையைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்கியது. மூக்குத் துவாரம் விரிந்து விரிந்து மூடியது. இடது கண் வீங்கி, இமை ஒட்டி, சுற்றிலும் ரோமம் உதிர்ந்து தோல் சிவந்திருந்தது. தட்டில் நேற்றுச் சாயங்காலத்திலிருந்து ஒரு புழுக்கைகூட இல்லை. முயல் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் ஆபத்து என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். அக்கா தம்பிக்குப் போன் போட்டாள். "வண்டியை எடுத்துட்டு வாடா. உடனே."

அவன் வந்தான். அக்கா பின் சீட்டில் சுண்டுவைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு மூச்சையும் எண்ணினாள். பச்சை விளக்குக்குக் காத்திருந்த வண்டிகளையெல்லாம் திட்டினாள். அப்புறம் தம்பி பக்கம் திரும்பினாள்.

"நீ எப்படித்தான்டா பண்ணினே? நீ பண்ணினதைத்தானே நானும் பண்றேன். நாளைக்கு அரை பாட்டில். ஒரு சொட்டு குறைக்கலையே!"

வண்டி ஒரு குலுக்கு குலுக்கியது.

"அரை பாட்டிலா?" என்றான் தம்பி.

"நீ ஊத்தினதுதானே?"

அவன் வண்டியை ஓரம் கட்டினான். இறங்கிப் போய் டிக்கியைத் திறந்தான். திரும்பி வந்தபோது அவன் இரண்டு கையிலும் இரண்டு பாட்டில். சீல் அப்படியே இருந்தது.

"அக்கா, நான் மூடியே திறக்கலை."

பின்னாலிருந்து யாரோ ஹாரன் அடித்தார்கள்.

"அப்ப எதுலடா துடைச்சே?"

"துடைக்கவே இல்லக்கா. காலையில காகிதத்தை மட்டும் மாத்தினேன். தட்டைத் தண்ணில அலசினேன். அவன் பூரா நேரமும் மாடியிலதான் சுத்திட்டிருந்தான். நீ கேட்டப்போ, அடி விழுமேன்னு..." அவன் பாட்டில்களை அவள் பக்கத்தில் வைத்தான். "அவன் நல்லாத்தானே இருந்தான், சொல்லி என்ன ஆகப்போகுதுன்னு விட்டுட்டேன்க்கா."

அக்கா வாயைத் திறந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும் என்று அவனுக்குத் தெரியும். அவன் கண்ணை மூடிக்கொண்டான். ஆனால் அவள், "வண்டியை எடு" என்று மட்டும் சொன்னாள். மீதி வழி முழுக்க அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டு வந்தாள். கூண்டுக்குள் நாலு பக்கமும் கம்பி. ஜன்னல் சாத்தியிருக்கிறது. ஓடவும் முடியாத, மூக்கைப் பொத்தவும் முடியாத ஒரு பிராணி. அதன் தலைமாட்டில் தினமும் அவள் தன் கையால், ஆசையாக ஊற்றியிருக்கிறாள்.

டாக்டர் மேஜையில் ஒரு பக்கம் சுண்டுவையும் இன்னொரு பக்கம் பாட்டிலையும் வைத்தாள். "இதைத்தான் டாக்டர் ஊத்தினேன். அஞ்சு மாசமா. கூண்டுக்குள்ள."

டாக்டர் பாட்டிலை எடுத்துப் பார்த்தார். அப்புறம் தன் அறையின் மூலையைப் பார்த்தார். அங்கேயும் வாளிக்குப் பக்கத்தில் அதே பாட்டில் நின்றிருந்தது.

"இங்கயும் இதே வாசனை. அதனால உங்க மேல அடிச்சது எனக்குத் தெரியவே இல்ல" என்றார். "சுத்தமா வெச்சிருக்கீங்களான்னு கேட்டேன். எதுல சுத்தம் பண்றீங்கன்னு கேட்டிருக்கணும். அது என் தப்பு."

அந்த நல்ல மனிதர் தப்பில் பாதியை எடுத்துக்கொண்டது அக்காவுக்குப் போதவில்லை. திட்டினால் தேவலை போலிருந்தது. அவர் சுண்டுவின் கண்ணில் பச்சை நிறச் சொட்டு மருந்து ஒன்றை விட்டு விளக்கடித்துப் பார்த்தார். கருவிழியில் புண் இருந்தது. கண்ணீர்ப் பாதையை மறுபடி கழுவினார். அரைத்த உணவைச் சிரிஞ்சில் இரண்டு மணிக்கொரு தடவை புகட்டச் சொன்னார். "புழுக்கை போட்டுட்டான்னா எனக்குப் போன் பண்ணுங்க. நாளைக்குள்ள போடலைன்னாலும் பண்ணுங்க. அந்த வீட்டுக்கு மட்டும் இப்பக் கொண்டுபோகாதீங்க."

ஆகவே அக்கா மொட்டை மாடி அறைக்குப் போனாள். வேலையில் சேர்ந்ததிலிருந்து முதல் தடவையாக மூன்று நாள் லீவு போட்டாள். மூலையில் அழுக்குத் துணி, ஜன்னல் விளிம்பில் விரல் கனத் தூசி, தம்பியின் பழைய டயர். அவளுடைய இரண்டு கையும் அரித்தன. எழுந்தாள், உட்கார்ந்தாள், மாடியின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். சுண்டு சாப்பிடுகிறதா, மூச்சு விடுகிறதா, தட்டில் ஏதாவது விழுந்ததா? ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை குனிந்து பார்த்தாள். தம்பி பயந்துபோய் வாசலிலேயே நின்றான். அவனிடம் அவள் பேசவில்லை. கோபம் என்று அவன் நினைத்தான். அவளுக்கு அவன் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

மறுநாள் மதியம் தட்டில் நாலு புழுக்கைகள் கிடந்தன. சின்னதாக, கோணலாக, காய்ந்துபோய். "டேய், இங்க வாடா! வந்து பாரு!" என்று அவள் போட்ட கூச்சலில் கீழே மெத்தைக் கடைக்காரர் என்னவோ ஏதோ என்று ஏறி வந்துவிட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக அக்கா அழுக்கைப் பார்த்து அழுதாள். டாக்டருக்கு அவள் போனில் சொன்ன முதல் வார்த்தை, "நாலு!"

சுண்டு பிழைத்தது. கண்ணும் தப்பியது, ஆனால் கருவிழியில் அரிசி அளவுக்கு ஒரு வெள்ளைத் தழும்பு நின்றுவிட்டது. டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். "அந்தக் குழாய் உள்ளுக்குள்ள கெட்டுப்போச்சு. முழுசாச் சரியாகாது. பருவம் மாறும்போது தும்மல் வரும், கண்ணுல தண்ணி வரும். வந்த அன்னைக்கே கொண்டுவந்துடுங்க, அடக்கி வெச்சுக்கலாம். தட்டை வெறும் தண்ணில கழுவுங்க, கறை இருந்தா கொஞ்சம் வினிகர் போதும். காத்து வரட்டும்."

அக்கா வீட்டு ஜன்னல்களைத் திறந்தாள். ஒன்று துருப்பிடித்துத் திறக்க மறுத்தது, தம்பி சுத்தியலால் தட்டினான். தரையை வெறும் தண்ணீரில் பதினோரு தடவை கழுவினாள். வாசனை போன வீட்டில் அவளுக்குக் காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சுத்தமாக இருக்கிறதா இல்லையா என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது? முட்டி போட்டுக் குனிந்து, கண்ணால் பார்த்தாள். கட்டில் காலுக்குப் பின்னால் பல வருட அழுக்கு ஒரு கோடாகப் படிந்திருந்தது.

வேலைக்குத் திரும்பிய அன்று, ரவுண்ட்ஸுக்குக் கால் மணி நேரம் முன்னால், ஒரு அறையின் மூலையில் மூடியும் கையுமாக நின்றாள். கட்டிலில் ஒரு பெரியவர் விடாமல் இருமிக்கொண்டிருந்தார். இத்தனை வருடமும் நோயாளி என்றால் இருமத்தானே செய்வார் என்று தாண்டிப் போனவள், மூடியைத் திரும்பப் பாட்டிலில் திருகினாள். பெரிய டாக்டர் வந்தார், நெற்றியைச் சுருக்கினார்.

"இன்னைக்கு யாரும் துடைக்கலையா?"

"துடைச்சாச்சு சார். குனிஞ்சு பாருங்க."

அவர் குனியவில்லை. அக்காவும் மூடியைத் திறக்கவில்லை. மேலிடத்திலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டுக் கேட்டார்கள். அந்த வம்பு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

மாதக் கடைசியில் மகள் வந்தாள். அன்று காலை அக்கா நாலு தடவை பால்கனிக்குப் போய் வந்தாள். சொல்ல வேண்டியதைக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தாள். தம்பிமேல் கொஞ்சம் போடலாமா, டாக்டர்மேல் கொஞ்சம் போடலாமா என்றுகூட யோசித்தாள். மகள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இரண்டடி வைத்து, அப்படியே நின்றாள்.

"என்னம்மா, வீடு வேற மாதிரி இருக்கு?"

அதற்குள் சுண்டு அவள் காலடிக்கு வந்துவிட்டது. மகள் தரையில் உட்கார்ந்து அதை மடியில் அள்ளினாள். முகத்தை இரண்டு கையாலும் திருப்பினாள். இடது கண்ணைப் பார்த்தாள்.

அக்கா தயார் செய்துவைத்த எதுவும் வாயில் வரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். தும்மல், சீழ், மூன்று வேளை, அரை பாட்டில், சீல் பிரிக்காத பாட்டில். "நான்தான்டி கெடுத்தேன். என் கையாலயே கெடுத்தேன். உன்கிட்ட வேற மறைச்சேன்" என்று முடித்தாள். இப்போது எழுந்து பையை எடுத்துக்கொள்வாள், முயலையும் எடுத்துக்கொள்வாள் என்று மகள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகள் சுண்டுவின் காதைத் தடவினாள். அப்புறம் கேட்டாள்.

"நீ துடைச்சு முடிச்ச கொஞ்ச நேரத்துல தும்மல் ஆரம்பிக்குமா?"

"ஆமா."

"காலையில எழுந்தா கண்ணு ஒட்டிக்கிட்டு இருக்குமா?"

"ஆமாடி. உனக்கு யாரு சொன்னா?"

"எனக்கும் அப்படித்தாம்மா இருந்துச்சு."

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. "உனக்கு அது சளி உடம்பு. சின்னதுலேருந்தே..."

"ஹாஸ்டல் போன முதல் மாசமே நின்னுடுச்சு. அப்புறம் இங்க வரும்போதுதான் வரும்."

"அப்பவே ஏன்டி சொல்லலை?"

"சொன்னேன்மா. பத்தாங் கிளாஸ் படிக்கறப்போ. இந்த வாசனை மூச்சை அடைக்குதுன்னு சொன்னேன். ரூம்ல கிருமி இருக்குன்னு அன்னைக்கு நீ இன்னும் ரெண்டு தடவை துடைச்சே." மகள் லேசாகச் சிரித்தாள், கோபமாகச் சிரிக்கவில்லை. "ஆஸ்பத்திரியில அவ்வளவு கஷ்டப்பட்டுட்டு வந்து துடைக்கறே. அப்புறம் எனக்குச் சொல்ல மனசு வரல."

திறந்த ஜன்னல் வழியாகத் தெருச் சத்தம் உள்ளே வந்தது. அக்காவுக்கு ஏதாவது பேசியாக வேண்டும் போலிருந்தது. எப்போதும் கேட்கப் பயப்படுகிற கேள்வி தானாக வந்து விழுந்தது.

"இந்தத் தடவை எத்தனை நாள் லீவு?"

"பத்து நாள்."

"பத்து நாளா!" அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. "போன தடவை ரெண்டே நாள்தானே குடுத்தாங்க, பாவிங்க."

மகள் தலையைத் தூக்கவில்லை. சுண்டுவின் கண்ணுக்குக் கீழே வழிந்த நீரை விரலால் துடைத்தாள்.

"போன தடவையும் பத்து நாள்தாம்மா."

மீதி எட்டு நாள் எங்கே இருந்தாள் என்று கேட்க அக்காவுக்கு வாய் வரவில்லை. போய் எதையாவது துடைக்கலாம் என்று கை பரபரத்தது. அவள் போகவில்லை. மகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.